கல்லில் விட்ட இடம்

சாங்வி, புனே
10 ஆகஸ்ட் 2025

என் சூப்பர் தாத்தாவுக்கு,

ஸ்தோத்திரம். உங்க பேத்தி அலினா எழுதறேன். இங்க அப்பா, அம்மா, நான் மூணு பேரும் நல்லா இருக்கோம். அங்க நீங்க, அத்தை, மாமா எல்லாரும் சௌக்கியமா? முழங்கால் வலி எப்படி இருக்கு?

லெட்டரான்னு ஷாக் ஆகாதீங்க. போன் பண்ணா “ஆங்? கேக்கல, வைக்கேன்”னு கட் பண்ணிடறீங்க. வாட்ஸ்அப் திறக்கறதே இல்ல. அதான் யூடியூப் பாத்து தமிழ் எழுதக் கத்துக்கிட்டேன். டியூஷன் எதுவும் இல்ல, ஏக்தம் சொந்த முயற்சி! தப்பு இருந்தா சிரிச்சுட்டுப் படிங்க.

விஷயம் என்னன்னா, ஆச்சி போய் ஆறு மாசம் ஆச்சு. பிப்ரவரி ஒண்ணு முதல் வருஷ நினைவு நாள். காலண்டர் பாத்தேன், ஞாயித்துக்கிழமையே வருது! அன்னிக்கு நம்ம சபையில நினைவு ஆராதனை. அதுக்குள்ள கிர்க்கி கல்லறைத் தோட்டத்துல கல் நட்டுடணும். இப்ப அங்க வெறும் மரச் சிலுவைதான் இருக்கு, மழைல அதுவும் சாயுது. “கல்லு வேலைய நீயே பாத்துக்கோ, நீதான அவங்க ஃபேன் கிளப் தலைவி”ன்னு அப்பா சொல்லிட்டாரு.

தலைவிதான்! ஆச்சி கேரம் ஆடற வீடியோ போடறதுக்குன்னே இன்ஸ்டால ஒரு பேஜ் வெச்சிருக்கேன்ல? அந்தக் கட்டைவிரல் ஷாட் பாத்துட்டு நாக்பூர்ல இருந்து ஒருத்தர் மராத்தில “ஆஜி, கால் எங்கே, தொட்டுக் கும்பிடறேன்”னு கமெண்ட் போட்டிருக்காரு!

சொல்லுங்க தாத்தா, கல்லுல என்ன எழுதலாம்? அப்புறம் ஆச்சி கதை வேணும், நிறைய. உங்களை விட்டா யாருக்கு அவ்ளோ தெரியும்?

மாத்திரையை மறக்காம போடுங்க. ஆயிரம் முத்தம்.

அலினா

*

பாளையங்கோட்டை
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள பேத்தி அலினாவுக்கு,

கர்த்தருடைய சமாதானம் உங்கள் வீட்டில் தங்குவதாக. நான் சுகம். முழங்கால், படி இறங்கும்போது மட்டும் தன்னை நினைவூட்டுகிறது. கண்ணில் கொஞ்சம் புகைச்சல்.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு மடித்து, மறுபடி பிரித்து வாசித்தேன். உன் ஆச்சி இருந்தால் தெரு முழுவதும் கொண்டுபோய்க் காட்டியிருப்பாள். இங்கே உன் அத்தையும் மாமாவும் வேலைக்குப் போனால் சாயங்காலம்தான் திரும்புவார்கள். காட்ட ஆளில்லை.

கல்லில் இப்படிப் போதும்: சத்தியவதி. வால்டரின் அன்பு மனைவி. அன்புத் தாய், அன்புப் பாட்டி. பிறந்த நாள், இறந்த நாள்.

அதற்குக் கீழே பாதிக் கல்லைக் காலியாக விடு. அது என் பெயருக்கு. இதை மறக்காதே. நம் சபையில் அங்கத்தினனாக இருப்பவனுக்குத்தான் அந்தத் தோட்டத்தில் இடம். அதனால்தான், அவள் போனபின் நான் இங்கே வந்துவிட்டாலும், உன் அத்தை எவ்வளவோ சொல்லியும் என் பெயரை இந்த ஊர்ச் சபைக்கு மாற்றவில்லை. பெயர் புனேயிலேயே இருக்கிறது. நானும் கடைசியில் அங்கேதான் வருவேன், அவள் பக்கத்தில்.

கதை கேட்டாய். அவள் அப்போது ரயில்வே பார்சல் ஆபீஸ் கிளார்க். நான் ஃபாக்டரி டீமில் கேரம் ஆடப் போயிருந்தேன். பெண்பிள்ளைதானே என்று அவள் எதிரே உட்கார்ந்தேன். ஒரு காயைக்கூட அசைக்க விடவில்லை. முடித்துவிட்டு ஸ்ட்ரைக்கரை என் பக்கம் தள்ளி, “இன்னொரு போர்டு ஆடுவோமா சார்?” என்றாள். அந்த ‘சார்’தான் பொறுக்கவில்லை. அடுத்த வாரமும் போனேன். தோற்றேன். கல்யாணத்துக்குப் பிறகும் தோற்றேன்.

உன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என் அன்பு.

தாத்தா வால்டர்

*

சாங்வி
14 செப்டம்பர் 2025

தோல்வி மன்னன் தாத்தாவுக்கு,

ஸ்தோத்திரம்! நாங்க பக்கா சௌக்கியம். உங்க கண்ணுல என்ன புகைச்சல்? டாக்டர்கிட்ட போனீங்களா?

அந்த ‘சார்’ கதையை ஹிந்தில எழுதி பேஜ்ல போட்டேன். செத்துட்டாங்க எல்லாரும்! “இப்படி ஒரு ஜோடியா”ன்னு ஹார்ட்டா கொட்டறாங்க. நான் வேற பெருமைல ரெண்டு நாள் யார்கிட்டயும் நார்மலா பேசல.

கல் வெட்டறவரைப் பாத்துட்டேன். ஜெயந்த் பாவூ, கட்கி பஜார் பக்கம் கடை. கம்ப்யூட்டர்ல எழுத்தைக் குடுத்தா ஸ்டிக்கர் ஒட்டி மணல் அடிச்சு வெட்டிடறாரு. தமிழும் வருமாம். பாதிக் கல் காலின்னு சொன்னதும் “யாருக்கு?”ன்னு கேட்டாரு. “எங்க ஆஜோபாவுக்கு”ன்னு உங்களைச் சொன்னேன். “அவர் இருக்காரா?” “இருக்காரு, தமிழ்நாட்டுல.” மனுஷன் கண்ணாடியக் கழட்டித் தொடைச்சுக்கிட்டாரு தாத்தா. “எல்லாரும் செத்தப்புறம் சண்டை போட்டு வராங்க, இவரு இப்பவே சீட் போட்டுட்டாரே”ன்னாரு!

ஆனா ஒண்ணு. கோவப்படாதீங்க. நீங்க குடுத்த வாசகத்துல ஆச்சி எங்க? உங்க மனைவி, அப்பாவோட அம்மா, என்னோட பாட்டி. எல்லாம் நம்மதான்! அவங்க என்ன? ‘கேரம் ஆட்டக்காரி’ன்னு ஒரு வரி சேக்கலாமா? ப்ளீஸ் ப்ளீஸ்.

பதில் சீக்கிரம். கண்ணைக் கசக்காதீங்க.

உங்க அலினா

*

பாளையங்கோட்டை
2 நவம்பர் 2025

அன்புள்ள அலினாவுக்கு,

தேவன் உங்களைக் காப்பாராக. பதில் தாமதமானதற்குக் காரணம், வலது கண்ணில் புரை எடுத்தார்கள். கொஞ்ச காலம் எழுதவும் வாசிக்கவும் கூடாதாம். உன் கடிதம் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. இதுவும் நான் சொல்லச் சொல்ல எழுதப்படுகிறது. சொட்டு மருந்து வேளை தவறாமல் விழுகிறது. கவலைப்படாதே.

உன் ஆச்சியைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தால் பொழுது போவது தெரியவில்லை. கேட்பவர்களும் சிரிக்கிறார்கள். உன் அப்பன் பெனிஸ்டன் பிறந்த கதை தெரியுமா? ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் அரையிறுதி ஆட்டம். அவளுக்கு வலி வந்துவிட்டது. எல்லாரும் பதறுகிறார்கள். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். ரெட் காயைப் போட்டாள், ஃபாலோ காயையும் போட்டாள். பிறகு எழுந்து, “ஏங்க, இப்பப் போவோம்” என்றாள். டாக்ஸியில் நான்தான் அழுதேன்.

ஆனால் கல்லறைக் கல்லில் விளையாட்டு வேண்டாம். ஆயர் விரும்பமாட்டார். நான் சொன்ன வாசகமே போதும். இடத்தை மட்டும் மறந்துவிடாதே.

மாலையில் நானும் ஒரு போர்டு ஆடுகிறேன். இப்போதெல்லாம் ஜெயிக்கவும் செய்கிறேன்.

அனைவருக்கும் ஆசீர்வாதம்.

தாத்தா

*

சாங்வி
16 நவம்பர் 2025

என் ஒத்தைக் கண்ணு தாத்தாவுக்கு,

ஸ்தோத்திரம். ஆபரேஷன்னு யாருமே எனக்குச் சொல்லல! அப்பாகிட்ட கத்தினேன். இப்ப எப்படி இருக்கு? தலை குனியாதீங்க, தலைக்குத் தண்ணி ஊத்தாதீங்க. கூகுள் பண்ணிட்டேன்.

நீங்க ஜெயிக்கறீங்களா? யாரு தாத்தா அந்தப் பாவம்? அத்தையா? லெட்டர் எழுதறதும் அத்தைதானே! அத்தை கையெழுத்து பிரிண்ட் அடிச்ச மாதிரி இருக்கு. ‘கேட்பவர்களும் சிரிக்கிறார்கள்’னு படிச்சப்போ எனக்கு அவ்ளோ சந்தோஷம். அந்தப் பக்கத்தை அப்படியே ஃபோட்டோ எடுத்து பேஜ்ல போட்டேன். ‘ஆச்சியை மறக்காத தாத்தா’ன்னு கேப்ஷன்.

கேரம் வரி வேண்டாம்னா வேண்டாம். உங்க ஆசைதான் முக்கியம். எனக்குக் கொஞ்சம் அழுகை வந்துச்சு, பரவால்ல. பாதிக் கல் காலியா விட்டு ஜெயந்த் பாவூ வெட்டிட்டாரு. கருப்புக் கல்லு, கண்ணாடி மாதிரி முகம் தெரியுது. காலியா இருக்கற எடத்துலதான் நல்லாத் தெரியுது.

பிப்ரவரி ஒண்ணுக்கு நீங்க வரணும். நாகர்கோவில்–மும்பை வண்டில அப்பா டிக்கெட் போடுவாரு. ஆராதனைல ஆச்சியப் பத்தி சாட்சி சொல்லணும். டாக்ஸி கதை கண்டிப்பா! நான் உங்க பக்கத்துல நின்னு கையப் பிடிச்சுக்கறேன். நீங்க இல்லாம நான் பேச மாட்டேன்.

அத்தைக்கு ஸ்பெஷல் தேங்க்ஸ். மருந்து போடுங்க.

அலினா

*

பாளையங்கோட்டை
28 டிசம்பர் 2025

அன்புள்ள அலினாவுக்கு,

கிறிஸ்து பிறப்பின் வாழ்த்து. அனைவரும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். கண் தெளிந்துவிட்டது. ஆனாலும் எழுதினால் நீர் வடிகிறது.

பிப்ரவரியில் இங்கே ஒரு காரியம் இருக்கிறது. இந்த முறை லெந்து உபவாச நாட்கள் சீக்கிரம் வருகின்றன. அதற்குள் முடிக்க வேண்டியது. ஆகையால் டிக்கெட் போட வேண்டாம் என்று பெனிஸ்டனிடம் சொல்லியிருக்கிறேன். சாட்சியை நீயே சொல். நன்றாகச் சொல்வாய்.

கல் என்று நடுகிறீர்கள்? நட்டதும் எழுது. அதன் பிறகு உனக்கு ஒரு செய்தி எழுதுகிறேன்.

குளிரில் வெளியே சுற்றாதே.

தாத்தா

*

சாங்வி
25 ஜனவரி 2026

தாத்தா,

சௌக்கியமான்னு இன்னிக்குக் கேக்கல. சௌக்கியமாத்தான் இருப்பீங்க.

காலைல அப்பா, “இன்னிக்கு ஒரு நாள் ஃப்ரெண்ட்ஸோட சிங்ககட் கோட்டைக்குப் போயிட்டு வாயேன், நல்ல வெதர்”னாரு. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு வரலன்னா திட்டற அப்பா! எனக்குப் புரியல. அடுத்த வாரம் சாட்சி சொல்லணும், மைக் செக் பண்ணணும்னு நானே முதல் ஆளா போயிட்டேன்.

அறிவிப்பு நேரத்துல பாஸ்டர் கல்யாண ஓலை வாசிச்சாரு. எப்பவும் போல நான் போனைப் பாத்துட்டு இருந்தேன். “இச்சபையின் அங்கத்தினரும் தபுதாரருமான வால்டருக்கும், பாளையங்கோட்டைச் சபையைச் சேர்ந்த விதவை வேதநாயகிக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. இதற்கு ஆட்சேபம் உள்ளவர்கள் தெரிவிக்கலாம். இது முதலாம் ஓலை.”

வேற வால்டர்னு நெனச்சேன். ‘தபுதாரர்’னா என்னன்னு பெஞ்சுல உக்காந்தே தேடினேன். மனைவியை இழந்தவர்னு வந்துச்சு. நிமிர்ந்தா, முன் பெஞ்சு ஆன்ட்டிங்க எல்லாம் திரும்பி என்னைப் பாக்கறாங்க.

வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட கேட்டேன்.

“எப்பலேர்ந்து தெரியும்?”

“நவம்பர்ல அக்கா சொன்னா. பக்கத்து காம்பவுண்டு, ரிட்டயர்டு நர்ஸ். கண்ணுக்கு மருந்து போட வந்தாங்க... பழக்கமாயிடுச்சு.”

“லெட்டர் எழுதறது?”

“அவங்கதான்.”

“என்கிட்ட ஏன்ப்பா சொல்லல?”

“தாத்தாதான், கல் நட்டப்புறம் சொல்லிக்கலாம்னாரு. நீ தாங்க மாட்டியாம்.”

“நான் தாங்க மாட்டேன்னா? இல்ல, தெரிஞ்சா நான் இடம் விட மாட்டேன்னா?”

அப்பா டிவியப் போட்டுட்டாரு. மேட்ச் கூட இல்ல, விளம்பரம் ஓடுது.

பேரு எந்தச் சபையில இருக்கோ அங்கயும் ஓலை வாசிக்கணுமாம். அது உங்களுக்கே அப்புறம்தான் தெரிஞ்சுதாம். ஆச்சி பக்கத்துல இடம் வேணும்னு நீங்க பேரை மாத்தாம வெச்சீங்க இல்ல? அதனாலதான் மாட்டிக்கிட்டீங்க.

ஆச்சி டாக்ஸில போன கதையை எந்தக் கையெழுத்துல படிச்சு நான் முத்தம் குடுத்தேன்? அதை ஊருக்கே போஸ்ட் போட்டேனே. நான் உங்களுக்கு எழுதினது எல்லாம் அவங்க சத்தமாப் படிச்சாங்களா? ‘ஒத்தைக் கண்ணு தாத்தா’ன்னு நான் எழுதினதையுமா?

மூணு ஞாயிறு வாசிக்கணுமாம், அடுத்த ஞாயிறு ரெண்டாம் ஓலை. அன்னிக்குத்தான் ஆச்சியோட நினைவு ஆராதனை. அதே சர்ச்சு, அதே பாஸ்டர், அதே ஒன்பது மணி. லெந்துல கல்யாணம் கிடையாது, அதுக்கு முன்னாடி முடியணும்னா ஓலையத் தள்ளி வைக்க முடியாதுன்னு பாஸ்டர் சொல்லிட்டாரு.

சரி. கல்யாணம் பண்ணிக்கோங்க. ஆனா அன்னிக்கு வாங்க. என் பக்கத்துல வந்து நின்னு, ஆச்சி யாருன்னு நீங்க சொல்லுங்க. அது ஒண்ணு போதும். ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள வரேன்னு அத்தையவாவது ஒரு மெசேஜ் போடச் சொல்லுங்க.

அலினா

*

பாளையங்கோட்டை
29 ஜனவரி 2026

அன்புள்ள அலினாவுக்கு,

வேதநாயகி எழுதுவது. என் கையெழுத்து உனக்கு ஏற்கெனவே பழக்கம்.

உன் கடிதம் நேற்று வந்தது. நான்தான் வாசித்தேன், ஒரு வரி விடாமல். உன் கடிதங்களை வாசித்ததற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அவருக்குக் கண் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. ஆனால் எழுதுகிறவள் இன்னாள் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி முதல் நாளே கேட்டேன். “கல் நடட்டும்” என்றார். நான் விட்டுவிட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

அவர் வரமாட்டார். ஓலை வாசிக்கும் அன்று மாப்பிள்ளை அந்தச் சபையில் உட்காருவது எங்கள் பக்கம் வழக்கமில்லை என்கிறார். அது சாக்கு. உன் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். என் வீட்டுக்காரர் கல்லறை இங்கே இருக்கிறது. நான் அங்கேதான் போவேன். அவர் உன் ஆச்சியிடம் வருவார். கல்யாணத் தேதிக்கு முன்பே நாங்கள் பேசி முடித்தது இதுதான். உயிரோடிருக்கும் மட்டும்தான் எங்களுக்குள் ஏற்பாடு. கோபத்தில் அந்த இடத்தை மட்டும் எடுத்துவிடாதே.

அவருக்குத் தெரியாமல் எழுதித் தெருமுனைப் பெட்டியில் போடுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

வேதநாயகி

*

சாங்வி
1 பிப்ரவரி 2026

தாத்தா,

வெள்ளிக்கிழமை வரைக்கும் போனைப் பாத்துட்டே இருந்தேன். மெசேஜும் வரல, நீங்களும் வரல.

நேத்து ஜெயந்த் பாவூ கடைக்குப் போனேன். கல்லை வண்டில ஏத்தப் போறாங்க.

“நிறுத்துங்க பாவூ. காலியா இருக்கற எடத்துல ஒரு வரி வெட்டணும்.”

“அது ஆஜோபா சீட்டாச்சே?”

“அவருக்கு வேற எடத்துல சீட் கெடச்சிடுச்சு.”

அவரு என்னையே பாத்தாரு. “கோவமா இருக்கே. டீ குடி. கல்லுல ரப்பர் வேலை செய்யாது, பேட்டா.”

“தெரியும். வெட்டுங்க.”

பென் டிரைவ்ல கொண்டு போயிருந்தேன். ‘கேரம் ஆட்டக்காரி’. பெரிய எழுத்து. உங்களுக்குன்னு விட்ட எடம் முழுக்க. ஓரத்துல கூட ஒரு விரல் வைக்க எடம் இல்ல.

காலைல ஆராதனை. சாட்சிக்காக நான் முன்னாடியே போய் மைக் பக்கத்துல நின்னுட்டேன். பாஸ்டர் முதல்ல ஓலைய எடுத்துட்டாரு. உங்க பேரு. அவங்க பேரு. “ஆட்சேபம் உள்ளவர்கள் தெரிவிக்கலாம்.” நடு சர்ச்சுல நின்னுட்டு இருந்தது நான் ஒருத்திதான் தாத்தா. அத்தனை பேரும் என்னைப் பாக்கறாங்க. பாஸ்டருக்கு வேர்த்துடுச்சு. “அலினா... ஏதாவது சொல்லணுமாம்மா?”

“ஆட்சேபம் இல்ல பாஸ்டர். நான் சத்தியவதியோட சாட்சிக்கு நிக்கறேன்.”

அப்புறம் சொன்னேன். பார்சல் ஆபீஸ், ‘இன்னொரு போர்டு ஆடுவோமா சார்’, டாக்ஸி, எல்லாம். சிரிச்சாங்க. அந்தச் ‘சார்’ யாருன்னு மட்டும் நான் சொல்லல. சொல்லவும் வேண்டியிருக்கல, இப்பத்தான அவர் பேரை ஓலைல வாசிச்சாங்க.

பன்னெண்டு மணிக்குக் கல் நட்டாச்சு. நட்டதும் எழுதச் சொன்னீங்க. எழுதிட்டேன்.

அலினா

*

பாளையங்கோட்டை
22 பிப்ரவரி 2026

அலினாவுக்கு,

தேவன் உன்னோடிருப்பாராக. நான் இருக்கிறேன்.

இதை நானே எழுதுகிறேன். பெனிஸ்டன் கல்லின் படத்தை வேதநாயகி போனுக்கு அனுப்பினான். வேதநாயகி வாசித்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். நான் பெரிதாக்கிப் பார்த்தேன்.

நாள் முழுவதும் ஒருவரும் பேசாத வீட்டில் நீ இருந்ததில்லை. ஃபேனைப் பார்த்துப் பேசியிருக்கிறேன். உன் கடிதம் வந்த பிறகுதான் உன் ஆச்சியைப் பற்றி வாய்விட்டுப் பேச எனக்கு ஒரு காரணம் கிடைத்தது. எழுதியவள் கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். இப்படித்தான் நடந்தது. இதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

சொன்னால் இடம் போய்விடும் என்று மறைத்தேன். மறைத்ததால் போயிற்று.

நீ வெட்டியது பொய்யில்லை. அவள் ஆட்டக்காரிதான். ஆனால் அவளுக்கு எதிரே ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவனை எங்கே போடப் போகிறாய்? வேறெங்கும் போக எனக்கு மனமில்லை. பதில் எழுது.

வால்டர்

*

சாங்வி
15 மார்ச் 2026

தாத்தாவுக்கு,

ஸ்தோத்திரம். இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். கண்ணு எப்படி இருக்கு? ரெண்டாவது கண்ணையும் காட்டுங்க.

அவங்க லெட்டர் பிப்ரவரி நாலாம் தேதிதான் என் கைக்கு வந்துச்சு. அப்ப கல் நட்டாச்சு. முன்னாடியே வந்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு எனக்குத் தெரியல. நல்லவ மாதிரி பொய் சொல்ல மாட்டேன்.

பேஜை மூடிட்டேன். ஹார்ட் போட்டவங்க எல்லாம் “ஆஜோபா எப்படி இருக்காரு”ன்னு கேக்கறாங்க. கல்யாண ஃபோட்டோ அப்பா போன்ல இருக்கு, நான் பாக்கல. நீங்க கல்யாணம் பண்ணது கூட இல்ல தாத்தா. ஆச்சி பக்கத்துல எடம் வேணும்னு என்கிட்ட கெஞ்சிக்கிட்டே, என்னை மட்டும் முட்டாளா உக்கார வெச்சீங்க பாருங்க. அது போக மாட்டேங்குது.

போன வாரம் ஜெயந்த் பாவூவைக் கல்லறைத் தோட்டத்துக்கே கூட்டிட்டுப் போனேன். “அழிக்க முடியுமா?” “முடியாது. அழிச்சா பள்ளம் விழும்.” “சின்னதா ஒரு பேரு?” “எங்க?” கல்லைச் சுத்தி வந்தாரு. தட்டிப் பாத்தாரு. பின்பக்கம் காலியா இருக்காம். பாலிஷ் போடலையாம், சொரசொரன்னு இருக்கு, ஆனா எழுத்து நிக்குமாம். சுவருக்கும் கல்லுக்கும் நடுவுல ஒரு ஆள் பக்கவாட்டுல நொழைஞ்சுதான் படிக்கணும்.

அந்த எடம் உங்களுக்கு. பாஸ்டர்கிட்ட சொல்லி உங்க பேருக்கு எழுதி வெச்சுட்டேன். பேரை வேற சபைக்கு மாத்தாதீங்க.

இதுக்கு மேல என்னால எறங்கி வர முடியல. முன்பக்கம் மட்டும் கேக்காதீங்க.

அலினா